எண்ணெயில் மாறின வருத்தம்

1

மே மாதம் பிறந்தால் எங்கள் வீட்டுக் கதவின் கைபிடியில் யாராவது ஒரு பையைக் கொழுவிவிட்டுப் போவார்கள். உள்ளே காட்டு உள்ளி இலை, ஒரு பூண்டு வகை, இருக்கும். டெனிஷ்காரர் அதை ரம்ஸ்லொய் என்பார்கள். சில்க்போர்க் ஏரிகளைச் சுற்றியுள்ள காடுகளில் மரங்களுக்குக் கீழே பாய் விரித்ததுபோல் முளைத்திருக்கும். உள்ளியின் மணம், கீரையின் மென்மை. தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் சேர்த்துச் சம்பல் அரைத்தால் சோற்றுக்கு வேறு கறி வேண்டாம். எங்கள் ஆட்களில் யார் இதை முதலில் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. இப்போது இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மே மாதச் சனிக்கிழமைகளில் பையும் கையுமாகக் காட்டுக்குப் போகின்றன.

நாங்கள் போவதில்லை. அதனால் மற்றவர்கள் எங்களுக்கும் சேர்த்துப் பிடுங்குகிறார்கள். இந்த வருடப் பை போன கிழமை வந்தது. அதைக் கண்டபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. எழுதுவது எனக்கு வசதி. எதிரே ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்.

நாலு வருடத்துக்கு முன் அந்த இலை பிடுங்கப் போய் வந்த அன்று மாலை, குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கத்தில் ஓர் உண்ணி கடித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். மன்னாரில் ஐயாவுக்கு மாடுகள் இருந்தன. உண்ணி பிடுங்குவது பள்ளிக்கூடம் போகமுன் எனக்கிருந்த வேலைகளில் ஒன்று. நகத்தால் கிள்ளி எடுத்துத் தீக்குச்சியால் சுட்டேன். மனைவி ஜெயா, "ஆஸ்பத்திரிக்கு ஃபோன் அடிச்சுக் கேப்பமே?" என்றாள்.

"உண்ணிக்கு ஆஸ்பத்திரியோ? மாடு சிரிக்கும்," என்றேன்.

இங்கே மருந்துக் கடைகளில் உண்ணிக்கடி பற்றிய சிறு பிரசுரம் வைத்திருப்பார்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் வந்தால் டாக்டரிடம் போகவேண்டும் என்று அதில் படம் போட்டிருக்கும். வெள்ளைத் தோலில் எடுத்த படம். என் காலில் சிவப்பு வளையம் எதுவும் வரவில்லை. அடிபட்டுக் கன்றினாற்போல ஒரு மங்கல் கறுப்பு, நடுவில் கொஞ்சம் வெளிறி, மெதுவாகப் பெருத்தது. தொழிற்சாலையில் தள்ளுவண்டி இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அது தானாக மறைந்துவிட்டது.

இலையுதிர்காலத்தில் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது. அப்போதுதான் இரத்தம் சோதித்தார்கள். பொரேலியா என்றார்கள், அதாவது அந்த உண்ணி தருகிற வருத்தம், ஒரு கிருமி நோய். குளிசை தந்தார்கள், போட்டேன், வீக்கம் வற்றியது. ஆனால் களைப்பு போகவில்லை. மூட்டுகளில் நோவு இடம் மாறி மாறி நின்றது. விரல்களுக்குப் பிடி இல்லாமல் போனது. ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதன் முடிவு எங்கே போனது என்று தேடவேண்டியிருந்தது.

டாக்டர் நல்ல மனிதர். அவர் சொன்னது இதுதான்: கிருமிக்குத் தரவேண்டிய மருந்தைத் தந்தாயிற்று, இன்னும் இன்னும் தந்தால் உடம்புக்குக் கேடுதான், சிலருக்கு இப்படி நீளும், ஏன் என்று முழுவதும் தெரியாது, உடம்புக்குக் காலம் கொடுக்கவேண்டும்.

"எவ்வளவு காலம்?" என்று கேட்க எனக்கு ஆசை. கேட்கவில்லை. "தக்," நன்றி, என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

2

பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் வேலையில்தான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. கண்ணாடி நார்ப் பாய்களை அச்சில் சுருக்கமில்லாமல் விரிக்கவேண்டும். கை பலமாக இருக்கவேண்டும். இப்போது காலையில் சில மணிநேரம் மட்டும் போகிறேன். கருவிகளைத் துடைத்து அடுக்கும் வேலை. அதற்காகக் கொமூனில், அதாவது நகரசபையில், அடிக்கடி கூப்பிட்டுக் கதைப்பார்கள்.

அங்கேயிருக்கும் பெண் இளம் வயது, அன்பானவர். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "பூச்சியத்திலிருந்து பத்துவரை வைத்தால், இன்றைக்கு நோவு எத்தனை?"

நோவுக்கு எண் வைத்து நான் வளரவில்லை. நோகுதா என்று கேட்டால் ஓம் அல்லது இல்லை. அதிலும் அந்நிய மனிதருக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கு எட்டு, ஒன்பது என்று ஏலம் கூறுவதற்கு வாய் வராது. "மூன்று," என்பேன். எப்போதும் மூன்று.

ஒருமுறை மகள் நிலானி துணைக்கு வந்தாள். ஓகூஸில் படிக்கிறாள், வார இறுதிகளில் வீட்டுக்கு வருவாள். நான் தமிழில் கேட்டால் அவள் டெனிஷில் பதில் சொல்வாள். இப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது. அன்று நான் மூன்று என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். காருக்குள் வந்தபிறகுதான் வாயைத் திறந்தாள், டெனிஷில்.

"நீங்கள் பொய் சொல்கிறீர்கள் அப்பா. காலையில் சப்பாத்து நாடாவை அம்மாதானே கட்டிவிட்டா?"

"அதை ஏன் அவவுக்குச் சொல்லவேணும்?"

"அதைச் சொல்லத்தான் அந்தக் கதிரையில் உங்களை இருத்தினவை."



3

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்கு வருத்தம் என்றால் அது மாறவேண்டும், இல்லாவிட்டால் மோசமாகவேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு மனிதன் வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் என்ன செய்வதென்று எவருக்கும் தெரியாது. முதல் மாதம் சூப்போடு வந்தார்கள். பிறகு மருந்தோடு வந்தார்கள்.

பாவற்காய்ச் சாறு வந்தது. மஞ்சளும் மிளகும் கலந்த கட்டி வந்தது. பெயர் தெரியாத கிழங்குகளின் பொடி அடைத்த குளிசைகள், கனடாவில் யாருக்கோ மாறியதாம் என்ற செய்தியோடு வந்தன. சென்னையில் இருக்கும் ஒரு சித்த வைத்தியர் வாட்ஸ்அப்பில் என் நாக்கைப் பார்த்தார். நான் சோபாவில் இருந்து கைபேசிக்கு நாக்கை நீட்டிக்கொண்டிருக்க, ஜெயா வெளிச்சம் பிடித்தாள். ஒரு கறுப்புச் சூரணம் அனுப்புவதாகவும், அதுவரை மீன், கத்தரிக்காய், புளி எல்லாம் விலக்கென்றும் சொன்னார். மன்னார்க்காரனுக்கு மீன் விலக்கு. சூரணம் வரும், சாப்பிட்டு முடித்து மீன் சாப்பிடலாம் என்று காத்திருந்தேன். சுங்கத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்காக டென்மார்க் அரசாங்கம் முடிவெடுத்த அன்று வீட்டில் பாரைமீன் குழம்பு.

இது எங்கள் ஆட்களின் பழக்கம் மட்டும் அல்ல. பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் தேனீ வளர்ப்பவர். தேனீயைப் பிடித்து மூட்டில் கொட்டவைத்தால் சரியாகும் என்று எங்கேயோ கேட்டிருந்தார். பெட்டிகளுக்கு முன்னால் அவரோடு கொஞ்சநேரம் நின்றேன். ஒரு பூச்சி கடித்ததற்கு இன்னொரு பூச்சியா என்று தோன்றியது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

எல்லையைத் தாண்டி ஒரு தனியார் மருத்துவமனை இருக்கிறது, அங்கே வாரக்கணக்கில் ஊசிவழி மருந்து ஏற்றுவார்கள் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். ஜெயா அதில் நம்பிக்கை வைத்தாள். சாமத்தில் அவள் அதைக் கைபேசியில் வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். நிலானிதான் அவர்களுக்குத் தொலைபேசி எடுத்தாள். "மருந்து போதும் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்?" என்று கேட்டாள். நோயாளிக்குச் சுகமாகத் தோன்றும்போது நிறுத்துவோம் என்றார்களாம். எங்கள் டாக்டரிடமும் கேட்டோம். மாதக்கணக்கில் நரம்பில் குழாய் இருந்தால் அதுவே புதிய வருத்தத்தைக் கொண்டுவரலாம், பலன் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். நாங்கள் போகவில்லை. ஜெயா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கோபம் இல்லை, பயம்.

4

இவை எல்லாவற்றிலும் நிலைத்து நின்றது றோசலின் அக்காவின் எண்ணெய்.

றோசலின் அக்கா எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறார். முதியோர் இல்லமொன்றில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் ஊரில் விஷகடிப் பரியாரியாக இருந்தவர். பாம்பு, பூரான், தேள் எதுவென்றாலும் அவரிடம்தான் போவார்களாம். அந்தக் கைமுறையில் நொச்சியும் வேப்பெண்ணெயும் இன்னும் என்னவெல்லாமோ சேர்த்து அக்கா காய்ச்சுவார். நொச்சி இலை இலங்கையிலிருந்து காய்ந்து வரும். காய்ச்சுகிற நாளில் அந்தத் தெருவே மணக்கும். ஒருவரிடமும் காசு வாங்கமாட்டார். ஜாம் போத்தலில் ஊற்றி, துணி கட்டி, மூடியை இறுக்கித் தருவார்.

இரவில் ஜெயா அதை இளஞ்சூடாக்கி முழங்காலிலும் விரல்களிலும் பூசித் தேய்ப்பாள். அந்த நேரம் நோவு கொஞ்சம் விலகி நிற்கும். அவள் அன்றைக்கு நடந்ததைக் கதைப்பாள், நான் கேட்பேன். விடிந்தால் எல்லாம் பழையபடி.

ஞாயிறு பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது அக்கா ஜெயாவிடம் கேட்பார்.

"என்ன பிள்ளை, எண்ணெய் கேக்குதோ?"

"ஓம் அக்கா. நல்ல சுகம்."

"நான் சொன்னனான்தானே. விடாமல் பூசச் சொல்லு."

கையால் கொண்டுவந்து தந்த மருந்துக்கு வேறு என்ன பதில் சொல்வது? நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். பாவற்காய்க்கும் மஞ்சள் கட்டிக்கும்கூட இதே பதில்தான் சொன்னோம். ஆனால் மற்றவர்கள் தந்துவிட்டு மறந்தார்கள். அக்கா மறக்கவில்லை. மண்டபத்தில் இன்னொரு மேசைக்குப் போய்ச் சொன்னார். அந்த மேசையிலிருந்து அது வேறு ஊர்களுக்குப் போனது. ஒரு கலியாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்து, "நீங்கள்தானே அந்த எண்ணெயிலை பொரேலியா மாறின ஆள்?" என்று கேட்டார். பிடித்த பிடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

5

போன வருடம் ஆனி மாதம் ஒரு வேலைநாள், நான் வேலை முடிந்து வந்த நேரம், கிரின்ஸ்டெட்டிலிருந்து யோகன் அண்ணை தொலைபேசி எடுத்தார். நாங்கள் இருவரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவர் யாழ்ப்பாணம், சைவம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் கதைக்காத கதையையும் சேர்த்து அவரே கதைப்பார்.

"அன்ரன், உம்மட எண்ணெய் எனக்கும் வந்திட்டுது."

"என்ன எண்ணெய் அண்ணை?"

"றோசலின் அக்காவின்ரை. தோட்டத்திலை புல்லு வெட்டேக்கை உண்ணி கடிச்சுப்போட்டுது. ரண்டு கிழமையா மூண்டு நேரமும் பூசுறன். கொஞ்சம் தலையிடி, உடம்பு அலுப்பு. அது எண்ணெய் விஷத்தை இழுக்கேக்கை அப்பிடித்தானாம். உமக்கும் இருந்ததோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"கடிச்ச இடத்திலை ஏதும் இருக்கோ?"

"சிவப்பு ஒண்டும் இல்லை. அடிபட்டுக் கண்டின மாதிரி ஒரு கறுப்பு. நடுவிலை வெளிறல். அது கொஞ்சம் விரியுது."

"டொக்டரிட்டைப் போனனீங்களோ?"

"உமக்கு டொக்டர் தந்தது கேக்கேல்லை, எண்ணெய்தானே கேட்டது. பிறகேன் நான் அங்கை போய்க் குந்துவான்?"

தொலைபேசியில் என்னால் முடியாது என்று தெரிந்தது. நான் ஒரு வசனம் சொல்லமுன் அவர் பத்து வசனம் சொல்வார். "அண்ணை, நில்லுங்கோ, வாறன்," என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தேன். ஜெயா வேலைக்குப் போயிருந்தாள். கிரின்ஸ்டெட் பெரிய தூரம் இல்லை. ஆனால் அப்போது நான் அவ்வளவு தூரம் தனியாக ஓட்டுவதை விட்டிருந்தேன். வழியெல்லாம் விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கிலிருந்து விரித்து விரித்து மடக்கினேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.

யோகன் அண்ணை களிசானைத் தொடைவரை மடித்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தார். தொடையில் இருந்த வளையத்தைக் குனிந்து பார்த்தேன். என் காலில் இருந்தது அதே வளையம்தான். நான்தான் தள்ளுவண்டியின் மேல் பழியைப் போட்டேன்.

"அண்ணை, இது அதுதான். எங்கட தோலிலை இப்பிடித்தான் தெரியும். இண்டைக்கே டொக்டருக்கு அடியுங்கோ."

"நல்ல கதை. தான் எண்ணெயிலை சுகமாகிப்போட்டு எனக்கு ஊசி போடச் சொல்லுறீர்."

"எனக்குச் சுகமில்லை அண்ணை."

"சும்மா இரும். கலியாண வீட்டிலை கண்டனான். மாப்பிள்ளை மாதிரி நிண்டனீர்."

மேசையில் அந்த ஜாம் போத்தல் இருந்தது. போத்தலை எடுத்து மூடியைத் திருகினேன். விரல்கள் வழுக்கின. மறு கையால் பிடித்துத் திருகினேன். வயிற்றோடு அணைத்துக்கொண்டு திருகினேன். மூடி அசையவில்லை. யோகன் அண்ணை முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கைகளையே பார்த்தார்.

"இதைத் திறக்க எனக்குக் கை வராது அண்ணை. வீட்டிலையும் ஜெயாதான் திறக்கிறவ. எத்தனை வருசம் பூசினாலும் திறக்கேலாது. அக்கா மனம் நோகக்கூடாது எண்டு சுகம் எண்டு சொன்னது. என்ரை குளிசை பிந்திப்போச்சு. உங்களுக்கு இன்னும் பிந்தேல்லை."

அவர் போத்தலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பகிடி விடுவார். விடவில்லை. "நம்பரை அடியும். எனக்குக் கண்ணாடி இல்லை," என்றார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது.

பின்னேரமே வரச் சொன்னார்கள். டாக்டர் வளையத்தைப் பார்த்தார், விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து ஒருமுறை பார்த்தார். வந்தது நல்லது என்றார். குளிசை எழுதினார். வெளியே வந்து காருக்குள் ஏறியபிறகு யோகன் அண்ணை கேட்டார்.

"இப்ப றோசலின் அக்காவுக்கு ஆர் சொல்லுறது?"

அந்தக் கேள்வியோடுதான் வீடு வந்தேன். அக்காவின் போத்தல்கள் இன்னும் எத்தனை குசினி மேசைகளில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

6

அடுத்த ஞாயிறு பூசையில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. மண்டபத்தில் அக்கா கோப்பிக் கோப்பையோடு வந்தார். ஜெயாவிடம் முன்னமே சொல்லியிருந்தேன், இன்றைக்கு நான் கதைக்கிறேன் என்று.

"என்ன தம்பி, கேக்குதோ?"

"இல்லை அக்கா. கேக்கேல்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். இடையில் நிறுத்தினால் அப்படியே நின்றுவிடுவேன் என்று பயந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். யோகன் அண்ணையின் வளையம், தலையிடி, போத்தல் மூடி, குளிசை. பக்கத்து மேசையில் கதை நின்றுபோனது. அவ்வளவு பேருக்கு முன்னால் நான் அவ்வளவு நேரம் கதைத்தது என் கலியாணத்திலும் இல்லை.

"அப்ப இவ்வளவு காலமும் ரண்டுபேருமா என்னை ஏய்க்காட்டினனீங்கள்."

"அக்கா, அப்பிடியில்லை," என்று ஜெயா தொடங்கினாள்.

"இரு பிள்ளை. கேக்காட்டில் கேக்கேல்லை எண்டு சொல்லுறது. அந்த எண்ணெயிலை நான் வடையாவது சுட்டிருப்பன்." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. "பரியாரியா இருந்த என்ரை அப்புவே சொல்லுவார், கடிச்சது எது எண்டு தெரியாமல் மருந்து வைக்காதை எண்டு. நான் உங்கட சொல்லை நம்பி வைச்சன்."

கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு பல ஞாயிறுகள் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் எண்ணெய் வாங்கியவர்கள் வீடுகளுக்கெல்லாம் தானே தொலைபேசி எடுத்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம். உண்ணி கடித்திருந்தால் முதலில் டாக்டர், எண்ணெய் பிறகு, என்று அதட்டினாராம். யோகன் அண்ணைக்கும் எடுத்திருக்கிறார். அவருக்கு வளையம் மறைந்தது, தலையிடியும் விட்டது. "உம்மாலை எனக்கு ஒரு கிழவியிட்டைப் பேச்சு," என்று எனக்குச் சொன்னார்.

வீட்டில் எண்ணெய் முடிந்தது. ஜெயா கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினாள். அதுவும் சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் றோசலின் அக்காவின் காலடிச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. அக்கா. கையில் துணி கட்டிய போத்தல். நிலானி வீட்டில் இருந்தாள். மேசையின் மறுபக்கத்தில் கைபேசியோடு.

"பூசேக்கை நோகாது எண்டு ஜெயா சொன்னவ. அது உண்மையோ, அதுவும் பொய்யோ?"

"உண்மை அக்கா. பூசுற நேரம் நோகாது."

"அப்ப பிடியும். மாறாட்டில் மாறாமல் இருக்கட்டும். ஆனா ஆரும் கேட்டால் மாறினது எண்டு வாய் திறக்கக்கூடாது." கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "சரி. இண்டைக்கு எப்பிடி? எனக்கு ஒழுங்காச் சொல்லும்."

பரவாயில்லை என்ற சொல் பழக்கத்தில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"ஏழு," என்றேன்.

"ஏழெண்டால் என்ன தம்பி?"

நிலானி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்து, சொற்களைத் தேடித்தேடித் தமிழில் சொன்னாள்.

"அது... பத்துக்கு, அன்ரி. ஏழெண்டால் நிறைய நோகுது."

ஜெயா போட்ட தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை அக்கா இருந்தார். புதிய மருந்து எதையும் சொல்லவில்லை, யாருக்கு எதில் மாறியது என்றும் சொல்லவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியதும் எழுந்து போனார்.

அவர் போனபிறகு மேசையைப் பார்த்தேன். போத்தலைச் சுற்றியிருந்த துணி அவிழ்த்து மடிக்கப்பட்டிருந்தது. மூடி இறுக்கப்படாமல், சும்மா மேலே வைத்தபடி இருந்தது.